செமி ஸ்லிக் டயர்: கையைச் சுட்டுக்கொள்ளாமல் வாங்குவது எப்படி?

ரேஸ் டிராக்கில் ஓட்டுவதற்கான மிருதுவான ரப்பர் டயர்தான் செமி ஸ்லிக். அப்படி நான்கு டயருக்கு 54,000 ரூபாய் கொடுத்து வாங்கி, இரண்டாவது டிராக் டேயிலேயே (சொந்தக் காரை ரேஸ் டிராக்கில் ஓட்டும் நாள்) சோப்பு போட்டுக் கழுவிய தரையில் ஓட்டுவது போல வழுக்கிக்கொண்டு திரும்பி வந்தவன் நான். கார் பழைய போலோ ஜிடி டிஎஸ்ஐ, ஓட்டும் இடம் சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக். வீட்டுக்கு வந்து டார்ச் அடித்து டயரின் பக்கவாட்டைப் பார்த்தால் அதில் 3118 என்று இருக்கிறது. அதாவது 2018ஆம் ஆண்டின் 31ஆம் வாரம். நான் வாங்கியது 2022இல். கடைக்காரர் சொன்ன "புத்தம் புது பீஸ் சார்" பொய்யில்லைதான், யாரும் மாட்டி ஓட்டியதில்லை, ஆனால் ரப்பர் கிழடாகியிருந்தது.

அதற்கப்புறம் ஆறு மாதம் அலைந்து, பல கடை ஏறி இறங்கி, இரண்டாவது செட்டைச் சரியாக வாங்கினேன். அந்த அலைச்சல் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். சுமார் ஒரு டன் எடையுள்ள போலோ, ஸ்விஃப்ட், பழைய சிட்டி மாதிரி முன்சக்கர டிரைவ் காரை வைத்துக்கொண்டு, வருடத்துக்கு ஐந்தாறு தடவை சென்னை டிராக்குக்கோ கோவை கரி ஸ்பீட்வேக்கோ போகிறவர்களுக்கு இது பொருந்தும். போர்ஷே வைத்திருப்பவர்கள் இதைப் படிக்க வேண்டியதில்லை, உங்கள் பிரச்சினைகள் வேறு.

1. முதலில், இது உங்களுக்கு இப்போதே தேவையா?

ஸ்லிக் என்றால் பட்டனே, அதாவது தரையில் படும் பக்கத்தில் கோடும் மேடுமே, இல்லாத ரேஸ் டயர். செமி ஸ்லிக்கில் பேருக்குச் சில கோடுகள் இருக்கும், ரப்பர் மெத்தென்று இருக்கும், சைட்வால் (டயரின் பக்கச்சுவர்) விறைப்பாக இருக்கும், சூடேறினால் தார் மேல் ஒட்டிக்கொண்டு போகும். ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் இதுவரை மூன்று நான்கு தடவைதான் டிராக்கில் ஓட்டியிருக்கிறீர்கள் என்றால் இப்போதைக்கு வேண்டாம் என்பேன். சாதாரண நல்ல டயர் எல்லை தாண்டும்போது கத்தும், மெதுவாக விடும், உங்களுக்கும் ஸ்டீயரிங்கைத் தளர்த்த நேரம் கிடைக்கும். செமி ஸ்லிக் பெரும்பாலும் கத்தாது, கடைசிவரை பிடித்துவிட்டுச் சட்டென்று விடும், அதுவும் அதிக வேகத்தில்.

இன்னொன்று, டயர் பிடிக்க ஆரம்பித்ததும் அடுத்த பலவீனம் பிரேக்கில் தெரியும். கம்பெனி பிரேக் பேடும் மூன்று வருடப் பழைய பிரேக் ஆயிலும் வைத்துக்கொண்டு செமி ஸ்லிக் மாட்டாதீர்கள். கையில் பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் முதலில் பேடும் புது டாட் 4 ஆயிலும் மாற்றுங்கள், டயர் அடுத்த வருடம் வரட்டும்.

2. சைஸ்: கம்பெனி சைஸில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்

என் கார் கம்பெனியிலிருந்து வந்தது 185/60 ஆர்15 டயரோடு (அகலம் 185 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 60 சதவீதம், ரிம் 15 இன்ச்). அந்த அளவில் மலிவான செமி ஸ்லிக் தேடி இரண்டு மாதம் போனதுதான் மிச்சம். உலகம் முழுக்க சின்ன டிராக் கார்கள் ஓடுவது 195/50 ஆர்15இல். அதனால் 15 இன்ச்சில் அதிகம் தயாராவதும் விலை குறைவாகக் கிடைப்பதும் அந்த அளவுதான். 195/55 ஆர்15 எப்போதாவது கண்ணில் படும்.

மாற்றினால் என்ன ஆகும் என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 185/60 ஆர்15இன் மொத்த உயரம் 603 மில்லிமீட்டர், 195/50 ஆர்15இன் உயரம் 576. அதாவது 27 மி.மீ. குறைவு. கார் 13 மி.மீ. கீழே இறங்கும், கியர் கொஞ்சம் குட்டையாகும், ஸ்பீடோமீட்டர் நான்கைந்து சதவீதம் கூட்டிக் காட்டும். டிராக்கில் இவை எதுவும் தொந்தரவில்லை, சொல்லப்போனால் வளைவிலிருந்து வெளியே வரும்போது கார் சுறுசுறுப்பாகவே இருக்கும். ஆனால் வீடு இருக்கும் தெருவில் வேகத்தடை உயரம் என்றால் யோசியுங்கள்.

ரிம் அகலத்தையும் பாருங்கள். 195/50 ஆர்15 டயருக்கு 5.5 முதல் 7 இன்ச் அகல ரிம் சரி. போலோவின் 6 இன்ச் அலாயில் தாராளமாக உட்காரும்.

பலர் பார்க்காமல் விடுவது லோடு இண்டெக்ஸ். டயரில் 82வி என்று போட்டிருந்தால் ஒரு டயர் 475 கிலோ தாங்கும், வேக வரம்பு 240 கிலோமீட்டர். 84 என்றால் 500 கிலோ. உங்கள் காரின் கதவு ஓரத்து ஸ்டிக்கரிலோ மேனுவலிலோ முன் ஆக்ஸிலுக்கு அதிகபட்ச எடை இருக்கும், அதை இரண்டால் வகுத்துப் பாருங்கள். டயர் அதற்குக் குறைவாகத் தாங்குமென்றால் அந்த டயரை விட்டுவிடுங்கள், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும்.

3. எந்த டயர்?

பக்கவாட்டில் டிரெட்வேர் என்று ஓர் எண் இருக்கும். எண் குறையக் குறைய ரப்பர் மிருது, பிடிப்பு அதிகம், ஆயுள் குறைவு. ரோட்டில் ஓடும் மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4க்கு அது 320. டிராக் பக்கம் சாய்ந்த யோகஹாமா ஏ052, ஹான்குக் ஆர்எஸ்4 இரண்டுக்கும் 200. டோயோ ஆர்888ஆர் 100. தைவானின் நான்காங் என்எஸ்-2ஆர் 180, 120 என்று இரண்டு கலவைகளில் வருகிறது. அந்த கம்பெனியின் ஏஆர்-1 இன்னும் மிருதுவானது.

இந்த எண்ணை அப்படியே நம்பிவிடவும் கூடாது, ஏனென்றால் ஒவ்வொரு கம்பெனியும் தன் டயருக்குத் தானே போட்டுக்கொள்ளும் மார்க் அது. ஒருவரின் 200 இன்னொருவரின் 140ஐவிட ஒட்டலாம், ஏ052 அப்படித்தான் பேர் வாங்கியிருக்கிறது. ஒரே கம்பெனிக்குள் ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள்.

என் யோசனை: முதல் செட் 180 அல்லது 200இல் இருக்கட்டும். சென்னையில் மதிய வெயிலில் தார் கொதிக்கும்போது 100க்குக் கீழே உள்ள மிருதுவான டயர் ஏழெட்டு சுற்றில் அளவுக்கு மீறிச் சூடாகி, பஜ்ஜி மாவு மாதிரி தோளோரம் (பட்டனும் சைட்வாலும் சேரும் விளிம்பு) உருண்டு வர ஆரம்பிக்கும். பிடிப்பும் போகும், காசும் போகும்.

ரேஸ் அணிகள் கழற்றிப் போட்ட பழைய ஸ்லிக் மலிவாகக் கிடைக்கும், நண்பர்கள் "வாங்கிப் போடுடா" என்பார்கள். அது ரோட்டில் ஓட்டக் கூடாதது, தனி ரிம்மில் மாட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். அதோடு எத்தனை தடவை சூடேறி ஆறியது என்று விற்பவருக்கே தெரியாது. அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

முன்னால் மட்டும் இரண்டு செமி ஸ்லிக், பின்னால் பழைய டயர், இப்படிப் பாதிக் காசில் முடிக்கும் யோசனை எல்லோருக்கும் ஒரு தடவை வரும். எனக்கும் வந்தது. தயவுசெய்து வேண்டாம். முன்பக்கம் பிடித்துக்கொள்ள, வேகமான வளைவில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்த நொடியில் பின்பக்கம் கிளம்பிக்கொண்டு வரும். அதைச் சமாளிக்கும் அளவுக்குக் கைத்திறன் இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத் தேவைப்பட்டிருக்காது.

4. வாங்கும் இடமும் கேட்க வேண்டிய தாள்களும்

நான் பணத்தை விட்டது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2020 ஜூனில் மத்திய அரசு கார் டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. உரிமம் இல்லாமல் புது டயர் கொண்டுவர முடியாது. அது போக, காருக்கான டயரில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்க வேண்டும், அதற்குரிய தர எண் ஐஎஸ் 15633. இந்த இரண்டும் சேர்ந்து என்ன செய்தது என்றால், மலிவான செமி ஸ்லிக்கின் புது வரவு சுருங்கிவிட்டது, கடைகளில் அதற்கு முன் வந்த பழைய சரக்கு தங்கிவிட்டது. என் தலையில் கட்டியதும் அதுதான்.

சிங்கப்பூரில் இருக்கும் மாமா மகனிடம் சொல்லி நான்கு டயரை கார்கோவில் அனுப்பச் சொல்லலாம் என்றும் முயன்றேன். அங்கே விலை நன்றாகத்தான் இருந்தது. இங்கே கிளியரிங் ஏஜெண்ட் கேட்டவை: இறக்குமதி ஏற்றுமதி கோட் எண், டயருக்கான இறக்குமதி உரிமம், ஐஎஸ்ஐ சான்று. மூன்றில் ஒன்றும் என்னிடம் இல்லை. துறைமுகத்தில் சரக்கு மாட்டிக்கொண்டால் நாள் வாடகை வேறு ஏறும் என்றார். நல்லவேளை, அனுப்புவதற்கு முன் கேட்டேன்.

ஆக, இங்கே இருக்கும் சரக்கில்தான் தேட வேண்டும். சென்னையில் என்றால் ஜி.பி. ரோட்டில் ஆரம்பியுங்கள், ஆனால் சும்மா போய் நிற்காமல் போன் செய்துவிட்டுப் போங்கள், பாதிக் கடைகளில் செமி ஸ்லிக் என்றால் பட்டன் தேய்ந்த பழைய டயரைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். பெங்களூர், கோவை, மும்பை டீலர்களிடமும் விசாரியுங்கள். முன்பணம் அனுப்புவதற்கு முன் செய்ய வேண்டியவை:

தேதி. டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களை நான்கு டயரிலும் தனித்தனியாகப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். முதல் இரண்டு எண் வாரம், அடுத்த இரண்டு வருடம். ஒரு டயர் படம் அனுப்பிவிட்டு "எல்லாம் ஒரே லாட் சார்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள், எனக்கு அப்படி ஒரு டயர் மட்டும் வேறு வருடத்தில் வரப் பார்த்தது. இரண்டு வருடத்துக்குள் என்றால் எடுக்கலாம். மூன்று வருடம் என்றால் பாதி விலைக்கு வந்தால் யோசிக்கலாம். அதற்கு மேல் வேண்டாம். இந்த எண் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் முழுதாக இருக்கும், அதனால் "இதுல இல்லையே சார்" என்றால் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ரப்பர். நேரில் பார்த்தால் நகத்தை அழுத்துங்கள். நல்ல செமி ஸ்லிக்கில் தடம் விழுந்து மெதுவாக மறையும். தடமே விழவில்லை என்றால் காய்ந்துவிட்டது. பட்டன் இடுக்கிலும் சைட்வால் மடிப்பிலும் மயிரிழை வெடிப்பு தெரிகிறதா என்று பாருங்கள். பளபளவென்று பாலிஷ் அடித்து வைத்திருந்தால் சந்தேகம் இரட்டிப்பாகட்டும்.

ஐஎஸ்ஐ முத்திரை. சைட்வாலில் அச்சாகியிருக்க வேண்டும், ஸ்டிக்கர் கணக்கில்லை.

பில். ஜிஎஸ்டி பில் இல்லாமல் வாங்காதீர்கள். கார் டயருக்கான வரி 28 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது, இன்னமும் பழைய வரிக் கணக்கில் விலை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், கேளுங்கள். பில்லில் டயரின் பெயர், சைஸ், அதோடு நான்கு தேதி எண்களையும் எழுதித் தரச் சொல்லுங்கள். முதலில் முறைப்பார்கள், பிறகு எழுதித் தருவார்கள். நான் முதல் தடவை வாங்கியபோது கையில் இருந்தது "டயர் 4" என்று எழுதிய துண்டுச் சீட்டு, அதை வைத்துக்கொண்டு யாரிடம் போய் நிற்பது?

5. மலிவு என்றால் எது மலிவு?

டயர் விலையைப் பார்க்காதீர்கள், ஒரு டிராக் டேக்கு எவ்வளவு ஆகிறது என்று பாருங்கள். என் கணக்கு இது. நல்ல ரோட்டு டயர் ஒரு செட் 28,000, டிராக்கில் தோளோரம் பிய்ந்துபோகும் முன் ஐந்து நாள் ஓடியது, நாளுக்கு 5,600. இரண்டாவதாக வாங்கிய செமி ஸ்லிக் செட் 56,800, ஆறு நாள் வந்தது, நாளுக்கு ஏறக்குறைய 9,500. முதலில் ஏமாந்த செட், டயருக்கு 700 ரூபாய் மலிவு என்று பேரம் பேசி வாங்கியது, இரண்டு நாள், நாளுக்கு 27,000.

இன்னொரு பக்கமும் உண்டு. வருடத்துக்கு இரண்டு தடவைதான் போகிறீர்கள் என்றால் பட்டன் தேய்வதற்கு முன்பே ரப்பர் காய்ந்துவிடும். ஆறு நாள் ஓட வேண்டிய டயர் நான்கு நாளோடு நின்றுவிடும். அப்படிப்பட்டவர்களுக்கு 300 டிரெட்வேர் பக்கமுள்ள நல்ல ரோட்டு டயரே லாபம், இதைச் சொன்னால் நண்பர்களுக்குக் கோபம் வருகிறது, ஆனால் கணக்கு அப்படித்தான் வருகிறது.

மேல் செலவாக பொருத்தி பேலன்ஸ் பண்ண எனக்கு 2,000, அலைன்மென்ட் 1,000 ஆனது. தனி ரிம் செட் வாங்கினால் அது பெரிய தொகை, ஆனால் 8ஆம் படியைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

6. எப்போது வாங்குவது?

டிராக் டே தேதிக்கு ஆறு வாரம் முன்னால் தேட ஆரம்பியுங்கள். விசாரிக்க இரண்டு மூன்று வாரம், வெளியூரிலிருந்து லாரி பார்சலில் வர ஒரு வாரம், பொருத்தி ரோட்டில் நூறு கிலோமீட்டர் ஓட்டி மேல்பூச்சு தேய ஒரு வாரம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை சென்னையில் வடகிழக்குப் பருவமழை, அந்த நேரத்தில் வாங்கி வைத்தால் டயர் வீட்டில் தூங்கும். ஜனவரியில் வாங்கினால் நல்ல குளிர்ந்த காலைகள் கிடைக்கும்.

7. மாட்டுவதும் முதல் நாள் ஓட்டுவதும்

செமி ஸ்லிக்கின் சைட்வால் விறைப்பானது. பஞ்சர் கடையில் கடப்பாரை வைத்து நெம்பினால் அலாயும் போகும், டயரின் ஓரமும் கிழியும். நல்ல மெஷின் உள்ள கடைக்குப் போங்கள். அம்புக்குறி இருந்தால் சுழலும் திசை, "வெளிப்பக்கம்" என்று ஆங்கிலத்தில் இருந்தால் அது வெளியே. பக்கத்தில் நின்று பாருங்கள், எனக்கு ஒன்றைத் திருப்பி மாட்டிவிட்டார்கள்.

கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம்) கம்பெனி அளவிலேயே இருந்தால் முன் டயரின் வெளித்தோள் மட்டும் தேய்ந்து தீரும், நடுவிலும் உள்ளேயும் புதுசு போல இருக்கும். போல்ட் மாற்றியோ கேம்பர் பிளேட் போட்டோ முன்பக்கம் மைனஸ் 2 டிகிரி அளவுக்குக் கொண்டுவந்தால் அதே டயர் இன்னும் ஒன்றிரண்டு டிராக் டே கூட வரும். வீல் போல்ட் போலோவுக்கு 120 நியூட்டன் மீட்டர், டார்க் ரெஞ்சில் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள், முதல் செஷன் முடிந்து ஆறியதும் இன்னொரு தடவை பாருங்கள்.

முதல் செஷனில் வேகம் வேண்டாம். நான்கைந்து சுற்று படிப்படியாகச் சூடேற்றி உள்ளே வந்துவிடுங்கள். முடிந்தால் அன்று அதோடு விட்டு ஒரு நாள் ஆறவிடுங்கள், ரப்பர் அப்போதுதான் சரியாக இறுகி நீண்ட நாள் வரும். வேறு வழியில்லை என்றால் ஒரு இரண்டு மணி நேரமாவது.

காற்று விஷயத்தில் புதியவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு, பெட்ரோல் பங்கில் 33 அடித்துக்கொண்டு வருவது. டயர் சூடானால் அழுத்தம் ஏறும், ஐந்தாறு டிகிரிக்கு ஒரு பிஎஸ்ஐ என்று வைத்துக்கொள்ளுங்கள். 33இல் ஆரம்பித்தால் நான்கு சுற்றில் 40ஐத் தொட்டு கார் மிதக்கும். நான் காலையில் குளிர்ந்த டயரில் 27 வைக்கிறேன், உள்ளே வந்ததும் உடனே அளந்து, சூட்டில் 33 அல்லது 34 நிற்கும்படி காற்றை இறக்குகிறேன். டயரின் தோளில் குட்டி முக்கோணக் குறி இருக்கும், அதன் குறுக்கே சாக்பீஸால் கோடு போடுங்கள். ஓட்டிவிட்டு வந்தபின் கோடு முக்கோணத்தின் நுனிவரை அழிந்திருந்தால் சரி. அதைத் தாண்டி சைட்வாலில் இறங்கியிருந்தால் காற்று குறைவு, நுனியை எட்டவே இல்லை என்றால் அதிகம். கேஜ் மட்டும் சொந்தமாக வாங்குங்கள். மதியம் வெயில் ஏறியதும் மறுபடி அளந்து இறக்க வேண்டிவரும், மாலை வீட்டுக்குக் கிளம்பும் முன் காற்றை ஏற்றிக்கொள்ளவும் மறக்காதீர்கள், 24இல் ஹைவேயில் போனவனைப் பார்த்திருக்கிறேன்.

8. வீட்டிலிருந்து டிராக்வரை

இதே டயரில் ரோட்டில் போகலாமா? பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையாமல், ஐஎஸ்ஐ முத்திரையோடு இருந்தால் சட்டம் தடுக்காது. ஆனால் புது செமி ஸ்லிக்கிலேயே பட்டன் ஐந்தாறு மில்லிமீட்டர்தான், சாதாரண டயரில் எட்டு பக்கம் இருக்கும். ஒரு சாயங்காலம் டிராக்கிலிருந்து திரும்பும்போது பூந்தமல்லிக்கு முன்னால் மழை பிடித்துக்கொண்டது. அறுபதில்தான் போனேன், தேங்கிய தண்ணீரில் ஸ்டீயரிங் கையில் லேசாகிவிட்டது, பக்கத்தில் கன்டெய்னர் லாரி. அன்றைக்கே பழைய ரிம் நான்கு தேடி வாங்க முடிவு செய்தேன். இப்போது நண்பன் காரில் செமி ஸ்லிக் வரும், டிராக்கில் மாற்றிக்கொள்கிறேன், கூடுதலாக ஜாக்கி, டார்க் ரெஞ்ச், அரை மணி நேரம்.

இன்ஷூரன்ஸையும் தெரிந்துகொள்ளுங்கள். நம் ஊர்க் கார் பாலிசியில் ரேஸ், வேகச் சோதனை மாதிரியான பயன்பாடு விலக்கப்பட்டிருக்கும், பாலிசித் தாளில் "பயன்பாட்டு வரம்பு" என்ற பத்தியைப் படித்துப் பாருங்கள். டிராக்கில் சுவரில் இடித்தால் செலவு உங்களுடையது. உள்ளே நுழையும்போது அதற்குப் பொறுப்பேற்கும் படிவத்தில் கையெழுத்தும் போட்டிருப்பீர்கள்.

9. கழற்றி வைப்பது, தூக்கிப் போடுவது

மொட்டை மாடி ஷெட்டில் போடாதீர்கள், ஒரே சித்திரையில் காய்ந்துவிடும். கழுவித் துடைத்து, கறுப்பு பிளாஸ்டிக் பையில் காற்றில்லாமல் கட்டி, வீட்டுக்குள் இருட்டான மூலையில் வையுங்கள். பக்கத்தில் தண்ணீர் மோட்டாரோ இன்வெர்ட்டரோ வேண்டாம், தீப்பொறியில் வரும் ஓசோன் ரப்பரைத் தின்னும். என் வீட்டில் அது பூஜை அறைக்குப் பக்கத்து லாஃப்டில் இருக்கிறது, அதற்கு நடந்த சண்டை தனிக் கதை.

ஒவ்வொரு டிராக் டேக்கு அப்புறமும் நான்கு டயரின் பட்டன் ஆழத்தையும் உள்ளே, நடுவே, வெளியே என்று மூன்று இடத்தில் அளந்து நோட்டில் எழுதுங்கள், பக்கத்தில் அன்றைய சிறந்த சுற்று நேரம். என் காரில் எப்போதும் முதலில் போவது இடது முன் டயர்தான், அதனால் இரண்டு நாளுக்கு ஒரு தடவை முன்னும் பின்னும் மாற்றுகிறேன். பட்டன் மிச்சமிருந்தும், காற்று சரியாக இருந்தும், சுற்று நேரம் ஒன்றரை இரண்டு நொடி கூடிக்கொண்டே போனால் ரப்பர் செத்துவிட்டது. அந்த செட்டை இன்னொருவருக்கு விற்கத் தோன்றும், விலையும் கேட்பார்கள். நான் என் 3118 செட்டைக் கேட்டவரிடம் தேதியைச் சொன்னேன், அவர் வாங்கவில்லை.